வாசலில் வேப்பிலை இல்லாத நோய்கள்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். விருந்தாளி வர மாட்டார். அடுப்பில் தாளிப்புச் சத்தம் கேட்காது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் புறப்படுவார்கள்.

இன்று அந்த வேப்பிலைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சின்னம்மை. உயிரையும் கண்ணையும் பறித்துப்போன பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1975 மே மாதத்தில். உலகிலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் இருக்கும் அம்மை குத்திய வட்டத் தழும்புதான் அதன் கடைசிச் சுவடு.

ஒரு நோய் போகிறது, இன்னொன்று வருகிறது. எதனால்?

எகிப்தில் பிறந்த மருத்துவ அறிஞர் அப்தெல் ஓம்ரான் 1971இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். முதல் கட்டத்தில் பஞ்சமும் கொள்ளைநோயும் மனிதரைக் கொல்லும். 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்தில் பசியோடு காலராவும் சேர்ந்து சென்னை மாகாணத்தைச் சூறையாடியது இந்தக் கட்டத்தின் முகம். அடுத்து, கொள்ளைநோய்கள் தணிந்து ஆயுள் நீளும். மூன்றாவது கட்டத்தில், நீண்ட அந்த ஆயுளில் இதய நோய், சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவை முன்னுக்கு வரும். சுதந்திரத்தின்போது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இப்போது சுமார் 70.

தண்ணீர் மாறியபோது

நரம்புச் சிலந்தி என்ற பெயரை இளையவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். காலில் கொப்புளம் கிளம்பி, அது உடைந்து, நூல் போன்ற நீளப் புழு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலோடு குளத்திலோ படிக்கிணற்றிலோ இறங்கினால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். நுண்ணிய நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அதே தண்ணீரைக் குடித்தவரின் காலில் ஏறக்குறைய ஓராண்டு கழித்து அடுத்த புழு தலைகாட்டும்.

இதற்குத் தடுப்பூசியும் கிடையாது, புழுவைக் கொல்லும் மாத்திரையும் கிடையாது. துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். படிக்கிணறுகளை மூடி அடிபம்பு போட்டார்கள். தமிழகம் உட்பட நோய் பரவியிருந்த மாநிலங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் அது அழிந்தது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000இல் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. தண்ணீர் எடுக்கும் முறை மாறியது. நோய்க்கு வழியில்லாமல் போனது.

வேலை மாறியபோது

கரிசல்காட்டுப் பருத்தியை நம்பி 1930களில் ராஜபாளையத்தில் நூற்பாலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. ஆனால் பஞ்சாலை எங்கே இருந்தாலும் அதனுடன் ஒரு நோயும் உண்டு: பஞ்சுத் தூசு நுரையீரலைத் தாக்கும் பிசினோசிஸ். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம், அதைச் சீவும் கார்டிங் பிரிவுகளில்தான் தூசு அதிகம். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். வாரம் போகப் போகத் தணியும். பல ஆண்டுகள் கடந்தபின் எல்லாக் கிழமையும் திங்களாகிவிடும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் தொழிலாளரும் இதே திங்கட்கிழமையை அனுபவித்தவர்கள். தூசை உறிஞ்சும் கருவியும், ஆண்டுதோறும் மூச்சுப் பரிசோதனையும் இருந்தால் இதைத் தடுக்க முடியும்.

சாப்பாடும் நடையும் மாறியபோது

கம்பும் கேழ்வரகும் தின்று காடுமேடு நடந்த உடம்பு, மூன்று வேளை அரிசிக்கும் பைக் பயணத்துக்கும் பழகியது. 1990இல் இந்தியாவின் நோய்ச்சுமையில் தொற்றாநோய்களின் பங்கு சுமார் 30 சதவீதம். 2016இல் 55 சதவீதம். இந்த மாற்றத்தில் மிகவும் முன்னே சென்றுவிட்ட மாநிலங்கள் கேரளம், கோவா, தமிழ்நாடு. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பிட்டது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. கண்ணறை தெரியும் அந்த லேசான துணி, வெளுக்கப்பட்டுச் சுருளாகி மருத்துவமனைகளுக்குப் போகிறது. அறுவைக்கும் விபத்துக்கும் மட்டுமல்லாமல், சர்க்கரையால் ஆறாத கால்புண்ணுக்கும் அதுதான் கட்டு. நரம்பு மரத்துப்போன காலுக்குச் செருப்புக் கடி தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்ததால் புண்ணும் ஆறாது. தினமும் கட்டு மாற்றி மாற்றி, கடைசியில் விரலை எடுக்க வேண்டிவரும்.

பழைய நோய்களும் முழுதாக விடைபெறவில்லை. சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. குழாயில் எப்போது வருமோ என்று டிரம்மில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது.

ஆனாலும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அம்மை தன்னை முகத்தில் காட்டியது. வேப்பிலை தெருவுக்குச் சொன்னது. சுகரும் பிரஷரும் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் பிரஷர் பார்க்கும் கருவியோடு வீடு தேடி வருகிறார்கள். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டுங்கள். அந்தக் கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தால், நோயை ஊரே சேர்ந்து விரட்டியதற்கு அதுவே சாட்சி.