ஆரணி அரிசியும் பள்ளிக்கூடப் பாடமும்



ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் அரிசியும்தான் ஞாபகம் வரும். இங்கே தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் உங்க வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு வகுப்பில் போய், "இரும்புச் சத்து எதில் இருக்கு?" என்று கேட்டேன். "பேரீச்சம்பழம், ஆப்பிள்" என்று மடமடவென்று ஒப்பித்தார்கள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றதும் கப்சிப். வெளியே மதிலோரத்து முருங்கையை ஆடு மேய்ந்துகொண்டிருந்தது!

பாடம் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் என்றிருந்தால் என்ன பிரயோசனம்? 2019–21-ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை. மத்தியான வகுப்பில் தலைசாய்க்கும் பெண்ணைச் சோம்பேறி என்று அதட்டுமுன் இதை நினைக்க வேண்டும்.

அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மான் என்ற டச்சு டாக்டர் வளர்த்த கோழிகள் கால் துவண்டு விழுந்தன. ஆஸ்பத்திரி சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையற்காரர், "பட்டாளத்து அரிசி கோழிக்கா?" என்று மறுத்துவிட்டார். தவிடு நீக்காத அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டில் இருந்தது பி-1 வைட்டமின் என்பது பிறகு தெரிந்தது. 1929-இல் ஐக்மானுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நெல்லைப் புழுக்கும்போது இந்தச் சத்து உமியோரத்திலிருந்து அரிசிக்குள் இறங்குகிறது. அதனால் தீட்டிய பச்சரிசியைவிடத் தீட்டிய புழுங்கலரிசியில் அது மூன்று பங்குக்குக் குறையாமல் உண்டு. ஆனால் நாலைந்து தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் நிற்குமா? நெல், தீட்டாத அரிசி, வெள்ளை அரிசி, தவிடு ஆகியவற்றில் ஒவ்வொரு பிடியை மில்லிலிருந்து வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். வாத்தியார் விளக்கினால் பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கஞ்சியைக் கேட்கும்.

கேழ்வரகும் அப்படித்தான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. வெள்ளை அரிசியில் 10 அளவுதான். நம்ம பிள்ளைகளோ கூழ் என்றால் கூச்சப்படுகிறார்கள்!

1982 ஜூலை முதல் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இன்று முட்டையும் கிடைக்கிறது. தட்டோரம் ஒதுக்கிவைக்கும் கீரையைப் பற்றி அங்கேயே பேசலாம். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. தறி வீட்டிலும் களத்து மேட்டிலும் இந்தப் பழக்கம் அதிகம். பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் இடமிருந்தால் மழைக்காலத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு முருங்கைப் போத்து வெட்டிக் கொடுங்கள். நட்டதும் முள்வேலி கட்ட மறக்காதீங்க, ஆடு விடாது.