வால்வு மாற்ற ஆள் போகாத செய்மதி

1945 ஒக்டோபரில் பிரித்தானியாவின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஆதர் சி. கிளார்க், போர்க்காலத்தில் ராடார் வேலை பார்த்த 27 வயது வான்படை அதிகாரி. பூமத்திய கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியைச் சுற்றவிட்டால், அது ஒரு சுற்றை முடிக்கும் நேரமும் பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது வானில் ஆணி அடித்து மாட்டியதுபோல் ஓரிடத்திலேயே நிற்கும். அப்படி மூன்றை 120 பாகை இடைவெளியில் நிறுத்தினால், ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் ஒலியும் ஒளியும் அனுப்பலாம் என்றது கட்டுரை. அந்த உயரத்தை முதலில் சொன்னவர் கிளார்க் அல்லர். ஹெர்மன் பொட்டோச்னிக் 1928 இலேயே எழுதியிருந்தார். அதைத் தொலைத்தொடர்புக்கான முழுத் திட்டமாக விரித்ததுதான் கிளார்க்கின் பங்கு.

கணக்கு சரி. ஆனால் கிளார்க் நினைத்த நிலையத்தில் மனிதர்கள் குடியிருந்தார்கள். காரணம் வால்வு. அன்றைய வானொலிப் பெட்டியைப் போலவே எந்த மின்னணுக் கருவியும் கண்ணாடி வால்வுகளால்தான் இயங்கியது. அவை சூடாகும், எரிந்துபோகும், அடிக்கடி மாற்றவேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவில் கட்டப்பட்ட ‘எனியாக்’ கணினியில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன, எடை ஏறத்தாழ 30 தொன். பழுதான வால்வைத் தேடிப் பிடிப்பதே அங்கு ஒரு தனி வேலை. விண்வெளியில் அந்த வேலையை யார் செய்வது? ஆள் வேண்டும் என்று நினைத்ததில் பிழையே இல்லை. இதெல்லாம் கைகூட அரை நூற்றாண்டு ஆகலாம் என்று கிளார்க் அந்த ஆண்டின் தொடக்கத்தில் மதிப்பிட்டதும் அதனால் வியப்பல்ல.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில், வால்வின் வேலையைச் செய்யும் டிரான்சிஸ்டர் பிறந்தது. உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 1957 ஒக்டோபர் 4 இல் சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் செய்மதியின் ஒலிபரப்பியிலும் வால்வுகளே இருந்தன. 22 நாளில் மின்கலம் தீர்ந்து அது மௌனமானது. ஆனால் 1963 ஜூலையில் ‘சின்கொம் 2’ ஏறியபோது, டிரான்சிஸ்டரின் தயவில் செய்மதி ஒரு சின்னப் பீப்பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. எடை 40 கிலோவுக்கும் குறைவு. அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டில் ஏவிய ‘சின்கொம் 3’ உண்மையாகவே ஓரிடத்தில் நின்று, தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசுபிக் கடலைத் தாண்டி அனுப்பியது. கட்டுரை வந்து 19 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சமிக்ஞையைப் பெருக்கி அனுப்பும் கடைசிக் கட்டத்தில் மட்டும் வால்வு இனத்துக் குழாய் ஒன்று மிஞ்சியது, ஆள் தொடாமலே உழைக்கக்கூடியதாக.

இதற்கிடையில் கிளார்க் இலங்கைவாசியாகிவிட்டார். 1956 இல் அவரை இங்கே இழுத்தது விண்வெளியல்ல, கடல். மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, அதே கிழக்குக் கரையில், திருகோணமலை சுவாமி மலையடியில் நண்பர் மைக் வில்சனோடு சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார். விண்வெளிக் கதைகளால் உலகம் அறிந்த அவர், 2008 இல் இறக்கும்வரை இந்தத் தீவையே வீடாகக் கொண்டிருந்தார்.

வாவிக்கரை வீடுகளின் கூரையில் இன்று கவிழாமல் அண்ணாந்து கிடக்கும் டிஷ்களுக்கும் அந்தக் கட்டுரையில் இடம் உண்டு: ஓரடி விட்டமுள்ள சிறு கிண்ணங்களே சமிக்ஞையைப் பிடிக்கப் போதும் என்று அதில் எழுதியிருந்தது. லண்டனில் டிஷ் அடிவானத்துக்குச் சற்று மேலே பார்க்கும். மட்டக்களப்பு பூமத்திய கோட்டுக்கு 7.7 பாகை வடக்கே மட்டும் இருப்பதால், நேர் தெற்கே நிற்கும் செய்மதி உச்சியிலிருந்து ஒன்பது பாகைதான் சரிந்து தெரியும். ஆகவே இங்கு டிஷ் ஏறக்குறைய வானத்தையே பார்க்கிறது. சமிக்ஞையின் அலைநீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு. பெரிய மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். மார்கழி மாரி கொட்டும்போது படம் கட்டங்கட்டமாய் உடைந்து நின்றுபோவது அதனால்தான். மேலே செய்மதி பழுதின்றியே ஓடிக்கொண்டிருக்கும்.