பச்சைக் கோட்டைப் பிடிச்சுப் போற சைக்கிள்: இங்கிலாந்தின் கிராவல் ரூட்டுகள்

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது சைக்கிள் பத்தி. ரோடு பைக்கும் இல்ல, மலையேறுற மௌண்டன் பைக்கும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கிராவல் பைக். பார்க்க ரோடு பைக் மாதிரியே வளைஞ்ச ஹேண்டில்பார் இருக்கும். ஆனா டயர் அகலம் 40 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், டிஸ்க் பிரேக் இருக்கும். தார் ரோட்டுலயும் ஓடும், மண் பாதையிலயும் ஓடும்.

இன்ஸ்டாகிராம்ல நீங்க பார்த்திருப்பீங்க. பச்சைப் பசேல்னு அலை அலையா மேடும் பள்ளமும், நடுவுல வெள்ளையா ஒரு பாதை, தூரத்துல நாலு ஆடு. பெரும்பாலும் அது தெற்கு இங்கிலாந்து. அந்தப் பாதை எப்படி அங்க வந்துச்சு, அதுல சைக்கிள் ஓட்ட யார் அனுமதி கொடுத்தாங்க? எனக்கு அந்தக் கேள்விதான் ரூட்டை விட சுவாரஸ்யமா பட்டது.

முதல்ல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். அமெரிக்காவுல கான்சாஸ் மாதிரி மாநிலங்கள்ல கிராவல் ரோடுன்னா நிஜமாவே ஜல்லி கொட்டின பொதுச் சாலை. இங்கிலாந்துல அப்படிக் கிடையாது. சின்னக் கிராமத்துக்குக்கூட தார் ரோடு இருக்கு. அதனால கிராவல் ரூட்னு சொன்னா, வயலுக்கும் காட்டுக்கும் நடுவுல தனியார் நிலத்து வழியா போற பழைய பாதைகளைக் கோத்து எடுத்ததுதான். நிலம் தனியாருடையது. அது வழியா போற உரிமை மட்டும் பொதுமக்களுடையது.

அந்த உரிமையில நாலு வகை உண்டு. ஃபுட்பாத்: நம்ம ஊர்ல பிளாட்ஃபாரத்தைச் சொல்ற ஃபுட்பாத் இல்ல, நடக்கிறவங்களுக்கு மட்டுமான பாதை. ப்ரைடில்வே: நடக்கலாம், குதிரையில போகலாம், சைக்கிள்லயும் போகலாம். ரெஸ்ட்ரிக்டட் பைவே: அதோட குதிரை வண்டியும் போகலாம். கடைசியா எல்லா வண்டிக்கும் திறந்த பைவே. வழியில இருக்கிற அம்புக்குறியின் நிறத்தை வச்சே கண்டுபிடிச்சிடலாம். மஞ்சள் ஃபுட்பாத், நீலம் ப்ரைடில்வே, பிளம் பழ நிறம் ரெஸ்ட்ரிக்டட் பைவே, சிவப்பு எல்லாருக்கும்.

சைக்கிளுக்கு இந்த உரிமை ஆதிகாலத்துல இருந்தே வந்தது இல்ல. 1968-ல வந்த கன்ட்ரிசைட் சட்டம்தான் ப்ரைடில்வேயில சைக்கிள் போகலாம்னு சொன்னது. கூடவே ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, நடக்கிறவங்களுக்கும் குதிரையில வர்றவங்களுக்கும் வழி விடணும். ரெண்டு, சைக்கிளுக்கு வசதியா பாதையைச் செப்பனிட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. அதாவது, போக உரிமை உண்டு, பாதை நல்லா இருக்கும்னு உத்தரவாதம் இல்ல. டிராக்டர் போற அளவுக்கு அருமையான பாதை ஃபுட்பாத்தா இருக்கும். முழங்கால் அளவு சேறு உள்ள சந்து ப்ரைடில்வேயா இருக்கும்.

இது ஏன் இப்படின்னா, கதை 1949-க்குப் போகுது. அந்த வருஷத்துச் சட்டம், எந்தெந்தப் பாதையில பொதுமக்களுக்கு உரிமை இருக்குன்னு அதிகாரப்பூர்வ வரைபடம் போடச் சொன்னது. அதுக்கு முன்னாடி 1932-ல, பீக் மாவட்டத்துல இருக்கிற கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்துல நூத்துக்கணக்கான பேர் தடையை மீறி ஏறினாங்க. அதுல அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. நடக்க ஒரு இடம் வேணும்ங்கிற அந்தப் போராட்டத்தோட நீட்சிதான் 1949 சட்டம். ஆனா வரைபடத்துக்கான கணக்கெடுப்பு ஊர் ஊரா, தனித்தனியா நடந்தது. ஒரு ஊர்க்காரங்க ப்ரைடில்வேன்னு எழுதினாங்க, பக்கத்து ஊர்க்காரங்க அதே பாதையை ஃபுட்பாத்னு எழுதினாங்க. அதனால இன்னைக்கும் ஊர் எல்லை வந்ததும் சைக்கிள் உரிமை சட்டுனு முடிஞ்சுபோற பாதைகள் இருக்கு. இங்கிலாந்தில் உள்ள மொத்தப் பொதுப் பாதைகளில் சைக்கிளுக்குத் திறந்திருப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். பக்கத்துல ஸ்காட்லாந்துல 2003 சட்டத்துக்கு அப்புறம், பொறுப்பா நடந்துக்கிட்டா பெரும்பாலான நிலத்துல சைக்கிள் ஓட்டலாம். எல்லையைத் தாண்டினா சட்டமே வேற.

சரி, ரூட்டுக்கு வருவோம். மூணு சொல்றேன்.

முதல்ல சவுத் டவுன்ஸ் வே. வின்செஸ்டர்ல ஆரம்பிச்சு கடலோரம் ஈஸ்ட்போர்ன் வரைக்கும் 160 கிலோமீட்டர். முழுசும் சைக்கிள்ல போகலாம்ங்கிறதுதான் இதோட சிறப்பு. இந்த மேடு முழுக்க சாக் எனும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணியை உறிஞ்சி உள்ள விட்டுடும், அதனால மேல உலர்வா இருக்கும். உச்சியில போகும்போது ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வயல்வெளி. படத்துல பார்த்தா மேட்டு மேலேயே நேரா போற மாதிரி தெரியும். நிஜத்துல மியான், அருண், அடூர், ஊஸ், கக்மியர்னு ஆறுகள் அந்த மேட்டை வெட்டிக்கிட்டு போகுது. ஒவ்வொரு ஆத்துக்கும் இறங்கணும், மறுபடி ஏறணும். 270 மீட்டர் உயர பட்சர் ஹில்லைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டாங்க. இப்படி ஏறி இறங்குற கணக்கைக் கூட்டினாதான் மூச்சு வாங்கும்.

ரெண்டாவது ரிட்ஜ்வே. ஏவ்பரி பக்கத்துல ஓவர்டன் ஹில்ல இருந்து ஐவிங்ஹோ பீக்கன் வரைக்கும் 139 கிலோமீட்டர். கீழ இருக்கிற களிமண் பள்ளத்தாக்கு ஈரமும் காடுமா இருந்த காலத்துல, மேட்டு மேல காய்ஞ்ச தரையில மக்கள் நடந்து நடந்து உண்டான வழி இது. பக்கத்துலயே அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. மலைச்சரிவுல பள்ளம் வெட்டி சாக் நிரப்பி வரைஞ்ச 110 மீட்டர் நீள உருவம், வயசு சுமார் 3,000 வருஷம். புல் மூடிடாம தலைமுறை தலைமுறையா சுத்தம் செஞ்சுட்டு வர்றதாலதான் அது இன்னும் தெரியுது. ஒரு எச்சரிக்கை: தேம்ஸ் நதிக்கு மேற்கேதான் சைக்கிளுக்கு முழு வசதி. கிழக்குப் பாதியில நிறைய ஃபுட்பாத் வருது.

மூணாவது கிங் ஆல்ஃபிரட்ஸ் வே. சைக்கிளிங் யூகே அமைப்பு 2020-ல அறிவிச்ச 350 கிலோமீட்டர் வட்டப் பாதை. வின்செஸ்டர்லயே ஆரம்பிச்சு அங்கேயே முடியும். ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, ரெடிங், ஃபார்ன்ஹாம்னு சுத்தி வரும். மேல சொன்ன ரெண்டு ரூட்டோட பகுதிகளும் இதுல சேரும்.

இப்போ நடைமுறை விஷயங்கள். சாக் காய்ஞ்சிருக்கும்போது சொர்க்கம், நனைஞ்சா சோப்பு. அதனால மே முதல் செப்டம்பர் வரைக்கும் போறது நல்லது. சாக்குக்குள்ள சிக்கிமுக்கிக் கல் இருக்கும். உடைஞ்சா கத்தி மாதிரி, டயரைக் கிழிச்சிடும். டியூப்லெஸ் டயர், உள்ள சீலன்ட், கூட ஒரு ஸ்பேர் டியூப் கட்டாயம். கேட்டைத் திறந்தா மூடிட்டுப் போங்க. உள்ள மாடு மேயும். குதிரை வந்தா வேகத்தைக் குறைச்சு, தூரத்துல இருந்தே குரல் கொடுங்க. சத்தமில்லாம பின்னாடி வந்தா குதிரை மிரளும், மேல இருக்கிறவர் விழுவார். கையில ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரைபடம் இருக்கட்டும். அதுல பச்சையில சின்னச் சின்னக் கோடு ஃபுட்பாத், நீளக் கோடு ப்ரைடில்வே. ஆப் காட்டுற ரூட்டை அப்படியே நம்பாதீங்க. அங்க பாதை இருக்குன்னு அதுக்குத் தெரியும், உங்களுக்கு உரிமை இருக்கான்னு தெரியணும்னு கட்டாயம் இல்ல.

கடைசியா ஒண்ணு. வரைபடத்துல ஏறாம விட்டுப்போன பழைய பாதைகளும் இருக்கு. 2026-க்குள்ள பதிவாகலைன்னா அந்த உரிமை போயிடும்னு 2000-ல ஒரு சட்டம் வந்தது. தன்னார்வலர்கள் ஆவணக் காப்பகங்கள்ல உட்கார்ந்து, இருநூறு வருஷத்து நில வரைபடங்களைப் புரட்டி விண்ணப்பம் போட்டுக்கிட்டே இருந்தாங்க. கெடு 2031-க்குத் தள்ளிப்போச்சு. 2024 டிசம்பர்ல அந்தக் கெடுவையே நீக்கப்போறதா அரசு அறிவிச்சது.

அதனால அந்த வெள்ளைப் பாதை ரீல் அடுத்த தடவை உங்க ஃபீட்ல வந்தா, ஒரு நிமிஷம் நிதானமா பாருங்க. ஒருத்தர் நடந்தார், ஒருத்தர் ஜெயிலுக்குப் போனார், ஒருத்தர் பழைய காகிதத்தைத் தேடிக் கண்டுபிடிச்சார். அப்புறம்தான் அங்க ஒரு சைக்கிள் போகுது.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா சைக்கிள் பைத்தியம் பிடிச்ச ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.