கடலின் கண்ணறியாப் பயிர்

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் இரவு, சென்னையின் தென்பகுதிக் கடற்கரைகளில் அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்தன. திருவான்மியூருக்கும் பாலவாக்கத்திற்கும் மக்கள் குடும்பம் குடும்பமாக விரைந்தனர். அவ்வொளியை உமிழ்ந்தது நாக்டிலூகா சின்டில்லன்ஸ் என்னும் ஒருசெல் உயிரி. அத்தனை கோடி உயிரிகளும் எதனை உண்டு பெருகின என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

நாக்டிலூகாவின் முதன்மையான இரை டயாட்டம். சிலிக்காவாலான ஓட்டினுள் வாழும் இந்நுண்பாசிகளுள் பல, தலைமயிரின் தடிமனைவிடச் சிறியவை. நீரோட்டம் செல்லும் திசையில் மிதந்து செல்லும் இத்தகைய உயிரிகளை மிதவைத் தாவரங்கள் என்பர். கதிரவன் ஒளியில், கரைந்துள்ள கரியமில வாயுவைக் கொண்டு இவை உணவைப் படைக்கின்றன. இதுவே கடலின் முதன்மை உற்பத்தி. உலகத் தாவரப் பொருண்மையில் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியை இவையே நிகழ்த்துகின்றன. வியப்பாகத் தோன்றினும் காரணம் எளிது. மரம் பல்லாண்டு நிற்கிறது. இவையோ ஓரிரு நாளில் இரண்டாகப் பிரிந்து, பிரிந்த வேகத்திலேயே உண்ணப்படுகின்றன. நம் தட்டில் விழும் மத்தியும் நெத்திலியும் இவ்வுணவுச் சங்கிலியில் வளர்ந்தவையே.

ஒளி மட்டும் போதாது. நைட்ரேட்டு, பாஸ்பேட்டு போன்ற உரங்களும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் கேரளக் கரையோரம் ஆழ்நீர் மேலெழுந்து அவ்வுரத்தைக் கொணர்கிறது. வங்கக் கடலிலோ கங்கை முதலிய பேராறுகளின் நன்னீர் இலேசான போர்வைபோல் மேலே பரவி, ஆழ்நீர் எழுவதைத் தடுக்கிறது. ஆதலின் இங்கே கரையிலிருந்து வந்து சேரும் ஊட்டத்திற்கு மதிப்பு மிகுதி.

இராசகீழ்ப்பாக்கத்தில் பெய்யும் மழை கடலுக்குச் செல்லும் வழியைப் பாருங்கள். ஏரிகளை நிறைத்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. சதுப்பு நிலத்தின் கோரையும் நாணலும் நீரிலுள்ள ஊட்டத்தின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. சதுப்பு சுருங்கி, வீட்டுக் கழிவுநீரும் மழைநீரோடு சேருமாயின், அளவுக்கு மிஞ்சிய உரம் கடலை எட்டும்.

மிகுந்த உரம் மிகுந்த மீனைத் தரும் என்று எண்ணிவிடலாகாது. 2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகி நீரே பச்சையாக மாறியது. அளவின்றிப் பெருகிய உயிரிகள் மடிந்து அழுகும்போது, அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியங்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அங்கும் ஆக்சிஜன் குறைந்தது. மீன்கள் செத்துக் கரையொதுங்கின. இடம்பெயர இயலாத பவளங்களும் மாண்டன.

இந்நுண்பயிரை இன்று வானிலிருந்தே அளக்கின்றனர். ஓசன்சாட் செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தைக் கொண்டு பச்சையத்தின் அளவைக் கணிக்கின்றன. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதனைக் கடற்பரப்பின் வெப்பநிலையோடு ஒப்பிட்டு, மீன் திரளக்கூடிய பகுதிகளை மீனவர்க்கு அறிவிக்கிறது. அவ்வறிவிப்பைக் கொண்டு புறப்படும் படகுக்குத் தேடியலையும் நேரமும் டீசலும் மிச்சமாகின்றன.