பாரத நாட்டுத் தொழிற்கலாசாலைகள் – 4: சங்கிலி பிடித்த சிறுவர்களின் பள்ளிக்கூடம்

சென்ற வாரம் ரூர்க்கிக் கலாசாலையின் சரித்திரத்தைச் சொல்லி வந்தபோது, 1847-ல் தோன்றிய அதுவே இந்நாட்டின் முதல் பொறியியற் கல்லூரி என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கிண்டியில் படித்துப் பட்டம் பெற்ற என் நண்பர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. பத்திரிகை வெளியான மறுநாள் விடியற்காலையில், பால் வருவதற்கும் முன்பாக அவர் வந்துவிட்டார். "எங்கள் கல்லூரிக்கு 1794, ஐயா! ரூர்க்கியில் அப்போது கால்வாயும் கிடையாது, கல்லூரியும் கிடையாது" என்று வாசற்படியிலேயே வழக்கைத் தொடங்கினார். இரண்டாவது தடவை காப்பி வந்த பிறகுதான் சற்றே சமாதானமானார். அவர் சொன்ன வருஷம் சரியானதே. ஆனால் அந்த வருஷத்தில் பிறந்தது பொறியியற் கல்லூரியா என்று கேட்டால், அவருடைய மனம் நோகாமல் "ஆம்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிறந்தது நிலம் அளக்கக் கற்றுக்கொடுத்த ஒரு சின்னஞ்சிறு பள்ளிக்கூடம். அதில் சேர்ந்த மாணாக்கர் எட்டே பேர்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மூலபுருஷர் மைக்கேல் டாப்பிங் என்ற ஆங்கிலேயர். சோழமண்டலக் கரையோரத்தை அளந்து படம் வரைவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் கடல்துறை சர்வேயராக இருந்த அவர், கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் வானத்தில் நட்சத்திரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர். வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி உத்தியோகஸ்தர் எழும்பூரில் சொந்தச் செலவில் வைத்திருந்த வானசாஸ்திர ஆய்வுக்கூடத்தைக் கம்பெனியார் ஏற்றுக்கொண்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பியபோது, அதை நிர்மாணித்தவரும் டாப்பிங்கே. தூரதரிசினியும் கருவிகளும் அசையாமல் நிற்பதற்காக அங்கே நாட்டிய கருங்கல் தூணில் தம் பெயரையும் வருஷத்தையும் பொறித்ததோடு அவர் நிற்கவில்லை. ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, கணித சாஸ்திரத்தைத் தம்மவர் இம்மண்ணில் ஊன்றிய செய்தியை லத்தீன், தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் வெட்டி வைத்தார். ஆரியபட்டரும் பாஸ்கரரும் கணக்குப் போட்ட தேசத்தில் கணிதத்தைப் புதிதாக ஊன்ற வேண்டிய அவசியம் என்ன வந்தது என்று நமக்குத் தோன்றலாம். என்றாலும், அதைச் சொல்வதற்கு நம்முடைய தமிழையும் தேடிக்கொண்டாரே என்று எண்ணும்போது கோபம் பாதியாகிவிடுகிறது.

கடலை அளந்தவர் கரைக்கு ஏறியதற்குக் காரணம் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையினால் சேலம் பக்கத்துப் பாராமகாலும், திண்டுக்கல் சீமையும், மலையாளக் கரையும் கம்பெனியார் வசமாயின. நாடு கைக்கு வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு நிலம், எது நஞ்சை, எது புஞ்சை, எந்த ஏரி எத்தனை காணிக்குப் பாய்கிறது என்ற விவரங்களெல்லாம் கர்ணங்களின் ஓலைக்கட்டுகளிலும் அவர்களுடைய ஞாபகத்திலும் ஒளிந்துகொண்டிருந்தன. வரி வசூலிக்க வந்தவனுக்கு அளவு தெரியாவிட்டால், கர்ணம் சொன்னதே கணக்கு. ஆகவே அளக்க ஆள் வேண்டும். பட்டாளத்து அதிகாரிகளை அனுப்பினால் சம்பளமும் படியும் கட்டுபடியாகாது. மலிவான கைகளுக்கு எங்கே போவது?

அந்தக் கைகள் எழும்பூர் அனாதை விடுதியிலிருந்து வந்தன. கம்பெனிச் சிப்பாய்களான ஐரோப்பியருக்கு இங்கே பிறந்து, பெரும்பாலும் இந்நாட்டுத் தாய்மாரின் வயிற்றில் உதித்து, தகப்பன் செத்தோ கைவிட்டோ போனபிறகு ஆதரவற்று நின்ற ஆண்பிள்ளைகளை வளர்த்த விடுதி அது. அதன் மேலாளராக இருந்த ஆண்ட்ரு பெல் பாதிரியார், நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதையும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்து அந்த முறையைத் தம் விடுதியில் கையாண்டு, பிறகு இங்கிலாந்துக்குப் போய் அதையே 'மதராஸ் முறை' என்ற பெயரில் பிரபலப்படுத்தியவர். சட்டாம்பிள்ளை என்று நாம் கேலியாகச் சொல்லும் சொல்லுக்குச் சீமையில் இவ்வளவு கௌரவம் கிடைத்தது! இவ்விடுதிப் பிள்ளைகளிலிருந்து எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து, 1794 மே மாதத்தில் கோட்டையை ஒட்டிச் சர்வே பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார் டாப்பிங். இரண்டு வருஷங்கூடச் செல்லவில்லை. 1796 தொடக்கத்தில் மசூலிப்பட்டினத்தில் ஜுரம் கண்டு இறந்துபோனார்.

அப்பிள்ளைகள் பழகிய தொழிலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அக்காலத்து ஆங்கில சர்வேயர்களுக்கு வேதம் போல இருந்தது 66 அடி நீளமுள்ள ஓர் இரும்புச் சங்கிலி. அதில் நூறு கண்ணிகள். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்தாவது கண்ணி வில்லைக்கு ஒரு பல், இருபதாவதற்கு இரண்டு பல் என்று வெட்டி, நடுவிலுள்ள ஐம்பதாவதற்கு மட்டும் வட்ட வில்லை வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே எத்தனையாவது கண்ணி என்று தெரிந்துவிடும். முன்னால் போகிறவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுவான். பின்னால் இருக்கிறவன் முனையைப் பிடித்துக்கொண்டு, கோடு நேராகப் போகிறதா என்று பார்த்துக் கையசைப்பான். முள்ளிலும் சேற்றிலும் நாள் முழுவதும் இழுத்தால் வளையங்கள் விரிந்து சங்கிலி நீண்டுவிடும்; நீண்ட சங்கிலியால் அளந்தால் நிலம் குறையும்; நிலம் குறைந்தால் சர்க்காருக்கு வரி குறையும். ஆகையினால் அவ்வப்போது அதை நிலையான அளவோடு ஒத்துப் பார்ப்பதும் பாடத்தில் ஒரு பகுதி.

பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். இன்றைக்கும் தாம்பரத்துக்கு அப்பால் இரண்டே கால் சென்ட் மனைக்கு விலை பேசுகிறவர், தாம் பேசுவது அந்தச் சங்கிலியின் கணக்கு என்று நினைப்பதில்லை. குழியும் மாவும் வேலியும் போய்ச் சென்ட் நம் நாவில் ஏறியதற்கு அந்தச் சங்கிலியை இழுத்துத் திரிந்த இத்தகைய பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

டாப்பிங்குக்குப் பின் வானசாஸ்திரியாகவும் பள்ளிக்கூடத்தின் மேலாளராகவும் ஆனவர் ஜான் கோல்டிங்ஹாம். இன்று ராஜாஜி மண்டபம் என்று வழங்கும் விருந்து மாளிகையைக் கட்டியவரும், சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, பிற்காலத்தில் ரயில்வேக்காரர்களெல்லாம் அனுசரித்த 'மதராஸ் நேரத்து'க்கு அடிகோலியவரும் அவரே. கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி சுடச் சொல்லி, வெளிச்சம் தெரிந்த கணத்துக்கும் சத்தம் கேட்ட கணத்துக்கும் இடையே உள்ள நேரத்தைக் கொண்டு ஒலியின் வேகத்தையும் அளந்தார். இப்படிப்பட்டவரிடம் பாடம் கேட்ட அனாதைப் பையன்கள் பாக்கியசாலிகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்களுள் ஒருவரையாவது பெயர் சொல்லி நினைக்க வேண்டாமா? 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கருகில் ஏழரை மைல் அடிக்கோட்டை 57 நாள் அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் பின்னும் மகத்தான காரியத்தை ஆரம்பித்தார். இரண்டரை அடிக் கம்பிகள் நாற்பதைக் கோத்த நூறடி எஃகுச் சங்கிலியை மரத்தொட்டிகளில் படுக்கவைத்து, வெயில் பட்டால் நீண்டுவிடுமே என்று கூடாரம் போட்டு நிழல் செய்து, உஷ்ணமானி வைத்து ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டு அளந்த அளவு அது. லாம்டனுக்கு நெடுங்காலம் வலக்கையாக இருந்தவர் ஜோஷுவா டி பென்னிங். நம் சர்வே பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவர். 1823-ல் லாம்டன் இறந்த பின்னரும், ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில் கல்கத்தாவில் கணக்குப் பகுதிக்குத் தலைமை வகிக்கும் அளவுக்கு உயர்ந்தார். இத்தனைக்கும் அவருடைய பதவியின் பெயர் 'உதவி' என்ற சொல்லை விட்டு விலகவில்லை. சிகரத்துக்குப் பெயர் வாய்த்தது எவரெஸ்டுக்கு.

அடுத்த அரை நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். பள்ளிக்கூடம் நலிந்தும் தழைத்தும் நடந்தது. இதற்கிடையில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி, கோதாவரியில் தவளேசுவர அணையையும் 1852-ல் முடித்துவிட்டார். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயிலும் புறப்பட்டுவிட்டது. நிலத்தை அளந்தால் மட்டும் போதாது, தண்ணீரைத் திருப்பவும் பாலம் கட்டவும் ஆட்கள் வேண்டும் என்று சர்க்காருக்குத் தெளிவாயிற்று. 1858-ல் சிவில் இஞ்சினியரிங் பள்ளி என்றும், மறு வருஷமே கல்லூரி என்றும் பெயர் மாறியது. ஆர்க்காட்டு நவாபின் வம்சத்திலிருந்து சர்க்காரின் கைக்கு வந்த சேப்பாக்கம் அரண்மனையில், நவாபின் மாடங்களுக்கும் வளைவுகளுக்கும் நடுவே, பையன்கள் படம் வரைந்தார்கள். பொறியியற் கல்லூரி என்ற பட்டத்துக்கு நியாயமான ஜாதகம் எழுத வேண்டுமானால் கல்லூரி என்று பெயர் மாறிய அந்த வருஷத்திலிருந்து எழுத வேண்டும்; அந்த விஷயத்தில் ரூர்க்கியே மூத்தது. ஆனால் ஆணிவேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தால் நண்பர் ஜெயித்துவிடுவார்.

பெயர் உயர்ந்ததே தவிர, உத்தேசம் அவ்வளவாக உயரவில்லை. இஞ்சினீயர் வகுப்பு என்று ஒன்று இருந்தாலும், மேல்நிலைச் சிப்பந்திகள், கீழ்நிலைச் சிப்பந்திகள் என்று வேறு வகுப்புகளும் நடந்தன. ஓவர்சியர்களும் படக்காரர்களுமே மராமத்து இலாகாவுக்கு மிகுதியாகத் தேவைப்பட்டார்கள். இந்திய மராமத்து இலாகாவின் உயர்ந்த உத்தியோகங்களுக்கு ஆள் தயாரிப்பதற்கென்றே 1871-ல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியை ஏற்படுத்தினார்கள். 1906-ல் அது மூடப்படும் வரையில், காவேரிக்கரையில் பிறந்து சேப்பாக்கத்தில் படித்தவனுக்கு, தேம்ஸ் நதிக்கரையில் படித்து வந்தவனின் கீழே கைகட்டி நிற்பதே பெரும்பாலும் வாய்த்தது. 1794-ல் எட்டுப் பையன்களைச் சேர்த்துக்கொண்ட அதே மனப்பான்மைதான் நூறு வருஷம் கழித்தும் கோலோச்சியது: வேலை தெரிந்திருக்க வேண்டும், ஆனால் உதவியாளனாகவே இருக்க வேண்டும்.

1894-ல் இயந்திரப் பொறியியல் வந்தது. 1920-ல் கல்லூரி கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. அடையாற்றை அடுத்த அந்தச் செங்கற் கட்டடத்தைச் சர்தார் படேல் சாலையில் போகிறவர்கள் அறிவார்கள். 1930-ல் மின்சாரப் பகுதி. பிற்காலத்தில் மத்திய மந்திரியாகி நதிகளை இணைக்கக் கனவு கண்ட கே. எல். ராவும், ஆனந்தில் பாற்பண்ணைப் புரட்சி நடத்திய வர்கீஸ் குரியனும் இந்தக் கல்லூரியில் பயின்றவர்கள். 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமானதும், 2010-ல் தமிழ் வழியிலேயே சிவில், இயந்திர வகுப்புகள் தொடங்கியதும் வாசகர் அறிந்தவை, அவற்றை விரிக்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றுவது, இக்கல்லூரியின் வாசலில் வந்து நின்ற இன்னொருவரின் கதை.

அவர் பெயர் லலிதா. சென்னையில் 1919-ல் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தை இருக்கும்போது கணவர் காலமானார். அந்நாளைய வீடுகளில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு எந்த மூலை ஒதுக்கப்பட்டது என்பதை நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். அவருடைய தகப்பனார் பப்பு சுப்பராவ் கிண்டிக் கல்லூரியில் மின்சாரப் பொறியியல் பேராசிரியர். மகளை ராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் படிக்கவைத்து, பிறகு தம் கல்லூரியிலேயே சேர்த்துவிட முயன்றார். முதல்வர் கே. சி. சாக்கோவும் மாகாணக் கல்வி அதிகாரியாக இருந்த ஸ்டாதமும் ஆதரவாக நிற்கவே, 1940-ல் நூற்றுக்கணக்கான ஆண்பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண்ணாக லலிதா மின்சார வகுப்பில் அமர்ந்தார். குழந்தை வீட்டில் வளர்ந்தது. தாய் விடுதியில் இருந்தார். தனிமை அவரை வாட்டவே, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரியார் தெரிவித்ததன் பேரில், மறு வருஷம் மலையாள நாட்டிலிருந்து லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவர் சிவில் பகுதியில் சேர்ந்தனர். யுத்தத்தை முன்னிட்டுப் படிப்புக் காலத்தைச் சுருக்கியதால், ஒரு வருஷம் இளையவர்களான அவ்விருவரும் லலிதாவுடன் சேர்ந்தே பட்டதாரிகளானார்கள்.

லலிதா ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பயிற்சி பெற்று, பின்னர் பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் சம்பந்தமான வேலையிலும் பங்குகொண்டார். திரேசியா 1971-ல் கேரள மராமத்து இலாகாவின் தலைமை இஞ்சினீயரானார். உதவியாளர் என்ற சொல்லை அவருடைய பதவிக்கு முன்னால் ஒட்டுவதற்கு அங்கே இடமில்லை.

பட்டமளிப்பின்போது ஒரு சிக்கல் உண்டாயிற்று. பட்டப் பத்திரங்களில் மாணாக்கரைக் குறிக்கும் இடத்திலெல்லாம் ஆணுக்குரிய ஆங்கிலச் சொல்லையே அச்சடித்து வைத்திருந்தார்கள். கல்லூரி தோன்றிய நாள் முதலாக வேறொன்று தேவைப்பட்டதில்லை. புதிதாக அச்சிடவில்லை. அச்சில் இருந்த 'அவன்' என்ற சொல்லைப் பேனாவினால் அடித்துவிட்டு, மேலே மையினால் 'அவள்' என்று எழுதி, லலிதாவிடம் கொடுத்தார்கள்.

(அடுத்த வாரம்: கல்கத்தாவின் சிப்பூர் கலாசாலை)