பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

மாட்டுச் சந்தைக்குப் போகும் நம் ஊர்க் குடியானவர் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார், முடிந்தால் வண்டியில் பூட்டியும் பார்ப்பார். அதற்குப் பிறகே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். அத்தகையோரின் பேரப்பிள்ளைகளாகிய நாம், பிழைப்பை நாடி வெளி மாநிலங்களுக்கு வந்த இடத்தில் பழைய கார் ஒன்று வாங்கப் போகும்போது, பளபளக்கும் வர்ணத்தையும் புதிய ஆசன உறையையும் கண்டு முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

இந்தத் தவறை நானும் செய்தேன். ஊரிலிருந்து என் தாயார் வந்து எங்களோடு தங்குவதாக இருந்தது. முழங்கால் நோவினால் அவரால் பஸ் ஏற இயலாது. வாரம் இருமுறை வைத்தியசாலைக்கு அழைத்துப் போகவேண்டும். அவர் வந்து சேருமுன் வண்டி வேண்டும் என்று அவசரப்பட்டேன். மனைவியின் வளையல்களை அடகு வைத்து, 95,000 ரூபாய்க்குப் 12 வருஷத்துச் சிறிய கார் ஒன்றை வாங்கினேன். நான் பார்க்கப் போனது மாலை நேரம். ஒரே திருப்பலில் எஞ்சின் புறப்பட்டது. முன்மூடி சூடாக இருந்தது. “இப்போதுதான் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன்” என்றார் தரகர். நம்பினேன்.

இரண்டாம் மாதம் மார்கழிக் குளிர் வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் தெரு முழுவதும் நீலப் புகை. எண்ணெய் எரிந்து குறைந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் வைத்தியசாலைக்குப் போகும் வழியில், தாயார் பின் ஆசனத்தில் அமர்ந்திருக்க, எஞ்சின் நின்றே போயிற்று. அதைப் பிரித்துப் பார்த்த மிஸ்திரி, “பாபுஜி, வாங்குமுன் ஒரு தரம் என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். செலவு 38,000 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதன் பொருள் அன்று நன்கு விளங்கிற்று. பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மிஸ்திரியின் பட்டறையில் அமர்ந்து கண்டும் கேட்டும் அறிந்தவற்றை, நம் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படுமென்று எழுதுகிறேன்.

குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும்

முதல் விதி இதுவே: எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, காலை வேளையில் போய்ப் பாருங்கள். “நான் வரும்வரை வண்டியைக் கிளப்பவேண்டாம்” என்று முன்னாளே சொல்லி வையுங்கள். போனதும் முன்மூடியின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடுங்கள். உலோகம் சூடேறி விரிந்தபின் தேய்மானத்தின் ஓசையும் புகையும் பெரும்பாலும் அடங்கிவிடும். குளிர்ந்த நிலையில் அவை மறைவதற்கு வழியில்லை.

கிளப்பும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைக் கவனிக்கட்டும். வடக்கே குளிர்காலக் காலையில் மெல்லிய வெண்ணிற ஆவி சிறிது நேரம் வந்து மறைவது இயல்பு. அது வெறும் நீராவி. எஞ்சின் சூடேறிய பின்னும் அடர்த்தியான வெண்புகை நில்லாமல் வந்து, தித்திப்பான வாடையும் வீசினால், குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் கசிந்து எரிகிறது. தலைப்பகுதியின் காஸ்கெட் பழுதாகியிருக்கலாம். கிளப்பியதும் நீலப் புகை சிறிது வந்து நின்றுவிட்டால், வால்வு ஸீல்கள் தேய்ந்தன என்று கொள்ளலாம். விசையை மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் வளையங்களே தேய்ந்திருக்கக் கூடும், இது பெருஞ்செலவு. கரும்புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி எரிகிறது. காற்று வடிகட்டியை மாற்றுவதோடு குறை தீர்ந்துவிடுவதும் உண்டு.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். மோர் கடைந்தாற்போல் வெண்மையாகப் படிந்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கிறது என ஐயுறவேண்டும். எஞ்சின் ஓடும்போது அம்மூடியைத் திறந்தால் புகை வேகமாகப் பீறிடுமாயின், அதுவும் வளையத் தேய்மானத்தின் அடையாளமே. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு, கிளப்பிய சில விநாடிகளில் அணைந்துவிட வேண்டும். எஞ்சினின் மேற்புறத்தில் ‘டிக் டிக்’ என்னும் மெல்லோசை பெரும்பாலும் சிறு சீரமைப்போடு சரியாகும். அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனத்த ஓசை கேட்டால் பேரிங்குகள் தேய்ந்திருக்கலாம். அத்தகைய வண்டியை விட்டு விலகுவதே நலம்.

நீரும் பெல்ட்டும்

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்தபோது மட்டும் திறக்கவேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். உள்ளே இருப்பது கூலண்டாக இல்லாமல், துருப்பிடித்த செந்நிற நீராக இருந்தால், முன்னாள் சொந்தக்காரர் வெறும் குழாய் நீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்பது தெளிவு. வட இந்தியாவிலும் விதர்ப்பத்திலும் கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். அச்சமயம் குளிர்விப்பு முறை பழுதானால், எஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துபோகும். ஆகவே வண்டியைக் கால்மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது டைமிங் பெல்ட். 1983-இல் வெளிவந்து 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800, 2000-இல் அறிமுகமான ஆல்டோ, 2012-இல் வந்த ஆல்டோ 800 ஆகியவற்றின் 796 ஸி.ஸி. எஞ்சின்கள் மூன்று ஸிலிண்டர் கொண்டவை; ரப்பர் பெல்ட்டினால் இயங்குபவை. 2010-க்குப் பின் ஆல்டோ கே10, வாகன் ஆர் ஆகியவற்றில் வந்த 998 ஸி.ஸி. எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி உண்டு. பெல்ட்டை ஏறத்தாழ 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றவேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையேல், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். சில வகை எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிச் சேதமும் விளையும். மூன்று ஸிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது சற்று அதிர்வது இயல்பு என்பதையும் நினைவிற் கொள்க. அதிர்வோடு ஓசை விட்டுவிட்டு வந்தால்தான் ஒரு ஸிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கருதவேண்டும்.

ஐயம் எஞ்சியிருந்தால் மிஸ்திரியைக் கொண்டு கம்ப்ரெஷன் அளந்து பாருங்கள். எல்லா ஸிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். ஒன்று மட்டும் பத்தில் ஒரு பங்குக்குமேல் தாழ்ந்திருந்தால் உள்ளே கோளாறு உண்டு. இதற்கும் மிஸ்திரியின் அரைநாள் கூலிக்கும் தயங்கலாகாது.

ஓட்டிப் பார்க்கும்போது

நான்காம் கியரில் மேடேறும்போது எஞ்சினின் ஓசை உயர்ந்தும் வேகம் கூடவில்லையானால் கிளட்ச் தேய்ந்தது. சக்கரத்தை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது ‘கடக் கடக்’ என்று கேட்டால் முன்சக்கரத்து அச்சின் மூட்டு தேய்ந்தது. இவை திருத்தக்கூடிய குறைகள். விலையைக் குறைக்கக் கேட்கலாம். கிலோமீட்டர் காட்டும் கருவியை மட்டும் நம்பவேண்டாம். அதைத் திருப்பி வைப்போர் உண்டு. 40,000 என்று காட்டும் வண்டியில் மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் எதை நம்புவது என்பது வெளிப்படை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளிடம் தனி எச்சரிக்கை வேண்டும். 2005-இல் பம்பாயிலும், 2015-இலும் 2023-இலும் சென்னையிலும் வெள்ளம் வந்தபோது ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கியவை ஏலத்தில் கைமாறி, துடைத்து மெருகேற்றப்பட்டு, தொலைதூர ஊர்களில் விலைக்கு வருவதுண்டு. ஆசனப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். கால்விரிப்பைத் தூக்கி, ஆசனத் திருகுகளில் துரு உண்டா என்றும் பாருங்கள்.

சி.என்.ஜி. வாயுவில் ஓடிய வண்டியானால், வால்வு அமரும் இடம் விரைவில் தேய்வதுண்டு. வாயுக் கலத்தை 3 வருஷத்துக்கு ஒரு முறை சோதித்த சான்றும், பதிவுப் புத்தகத்தில் வாயு பற்றிய குறிப்பும் இருக்கவேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுவதால், பழைய வண்டிகளின் பெட்ரோல் குழாய்களையும் ரப்பர் ஸீல்களையும் பார்த்து, வெடித்தவற்றை மாற்றிவிடுதல் நன்று.

காகிதங்கள்

எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். வங்கிக் கடன் தீர்ந்ததா என்றும் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30 எண் படிவங்களை உடனே சமர்ப்பிக்கவேண்டும். காரின் பதிவு 15 வருஷத்துக்கே செல்லும்; பின்னர் 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவேண்டும். டில்லி வட்டாரத்தில் 10 வருஷம் கடந்த டீசல் வண்டிகளும் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்தது. சுப்ரீம் கோர்ட்டு 2018-இல் அதை உறுதி செய்தது. 2025-இல் அதன் அமலைப் பற்றி வேறு உத்தரவும் பிறந்தது. ஆகவே அங்குள்ளோர் வாங்கும் நாளில் நடப்பிலுள்ள உத்தரவைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே பணம் கொடுப்பாராக. மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ வண்டியோடு ஊர் திரும்ப எண்ணுவோரும் ஒன்றை அறியவேண்டும்: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்குமேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரியும் கட்டவேண்டும். மலிவாக வாங்கிய வண்டியின் லாபம் அதிலேயே கரைந்துவிடலாம்.

முடிவாக ஒன்று. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், நான்கில் ஒரு பங்கைப் பழுதுபார்க்க ஒதுக்கி வையுங்கள். வயதான வண்டி என்பதனால் மட்டும் அது கெட்டது அல்ல. காலாகாலத்தில் எண்ணெயும் கூலண்டும் மாற்றிய 12 வருஷத்து எஞ்சின், கவனிப்பாரற்ற 5 வருஷத்து எஞ்சினைவிட நம்பத்தக்கது. அவசரமே தரகரின் முதல் கூட்டாளி. “இன்றே வேறொருவர் வாங்கிவிடுவார்” என்றால், வாங்கட்டும் என்று வந்துவிடுங்கள்.

என் வண்டி இன்று குறையின்றி ஓடுகிறது. தாயாரும் அதில்தான் வைத்தியசாலைக்குப் போய் வருகிறார். ஆனால் மனைவியின் வளையல்களை மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் காலை, குளிர்ந்த எஞ்சினின்மேல் கை வைத்துப் பார்த்திருந்தால் அந்த இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும். அன்பர்கள் அந்தக் காலை நேரத்தைத் தவறவிடாதிருப்பார்களாக.