ஒரு தொன் தக்காளிக்கு எத்தனை கிலோ காரீயம்?

இந்தக் கணக்குக்கு அளவுகோல் ஒரு தொன் தக்காளி. இடம் தம்புள்ளை. 1999 முதல் இயங்கும் பொருளாதார மத்திய நிலையத்தின் பக்கத்து ஊர்களில் மரக்கறி விலையை அறிய யாரும் பத்திரிகைக்குக் காத்திருப்பதில்லை. 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியாவின் நன்கொடையில் கட்டிய 5,000 தொன் கொள்ளளவுள்ள வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் களஞ்சியமும் இங்கே திறக்கப்பட்டது. இலங்கையில் அறுவடைக்குப் பின் 30 முதல் 40 சதவீத மரக்கறியும் பழமும் வீணாகின்றன என்பது பலகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. அதைக் குறைக்கக் குளிர் வேண்டும், குளிருக்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தைச் சேமித்து வைக்க என்ன செலவாகும் என்பதை மின்னிரசாயனம் கிலோவிலும் சதத்திலும் சொல்லிவிடும்.

லொறியிலிருந்து இறங்கும் தக்காளி 30 பாகை செல்சியஸ் என்று வைப்போம். அதை 13 பாகைக்கு இறக்க வேண்டும். தக்காளி பெரும்பாலும் தண்ணீர். ஒரு கிலோவை ஒரு பாகை குளிர்விக்க ஏறக்குறைய 4 கிலோஜூல் போகும். ஒரு தொன்னுக்கு 68,000 கிலோஜூல், அதாவது 18.9 அலகு (கிலோவாட் மணி) வெப்பம். குளிரூட்டி ஒரு அலகு மின்சாரத்தில் மூன்று அலகு வெப்பத்தை வெளியே தள்ளும் என்று எடுத்தால், மின்பட்டியலில் ஏறுவது 6.3 அலகு. கதவு திறக்கும்போது போகும் குளிரையும் காய் மூச்சு விடும்போது எழும் வெப்பத்தையும் நான் சேர்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தால் தொகை கூடும், கணக்கின் போக்கு மாறாது.

அந்த 6.3 அலகைச் சேமிக்க முதலில் எல்லோருக்கும் பழக்கமான லொறி பற்றரி. பழைய ஒன்றை அறுத்துப் பார்த்தால் ஒரு தகடு சாம்பல் நிறத்தில் இருக்கும், அது ஈயம். அடுத்தது சொக்லேட் நிறம். அது ஈய ஈரொட்சைட்டு. பராமரிப்பில்லாமல் இறந்துபோனது என்றால் இரண்டின் மேலும் வெள்ளைச் சல்பேற்று படிந்திருக்கும். கடைக்காரர் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சிப் பார்க்கிறாரே, முழுச் சார்ஜில் அது 1.28 காட்டும், இறங்க இறங்க 1.1 பக்கம் போகும். மின்சாரம் வெளியேறும்போது அமிலமும் தகட்டுக்குள் போய்விடுகிறது என்பதுதான் அந்த இலக்கத்தின் பொருள்.

எவ்வளவு போகிறது என்பதற்கு 1834 இல் மைக்கேல் பரடே விதி தந்தார். ஒரு மோல் இலத்திரனின் மின்னேற்றம் 96,485 கூலோம். கடைமொழியில் 26.8 ஆம்பியர் மணி. அதைக் கொடுக்க 103.6 கிராம் ஈயம் சல்பேற்றாக மாற வேண்டும். எதிர்த்தகட்டையும் அமிலத்தையும் சேர்த்தால், ஒரு அலகு மின்சாரத்துக்கு 1.93 கிலோ ஈயம், 2.23 கிலோ ஈரொட்சைட்டு, 1.83 கிலோ அமிலம். மொத்தம் 6 கிலோ. நமது 6.3 அலகுக்கு 38 கிலோ போதும். ஆனால் சந்தையில் 100 ஆம்பியர் மணிப் பற்றரி 30 கிலோ அளவு நிறை கொண்டது, கையில் இருப்பது 1.2 அலகு மட்டுமே. அதையும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆகவே 11 பற்றரி, 330 கிலோ. 38 எங்கே, 330 எங்கே! மிச்சம் தண்ணீர், பிளாஸ்டிக், தகட்டைத் தாங்கும் சட்டகம், வினையில் சேராத ஈயம், தொடக்கூடாத பாதி. 1859 இல் காஸ்டன் பிளாந்தே செய்த கலத்திலிருந்து அடிப்படை வினை மாறவேயில்லை.

இலிதியப் பக்கம் வந்தால் இலக்கங்கள் சிறுக்கின்றன. அதே 26.8 ஆம்பியர் மணிக்கு 6.94 கிராம் இலிதியம் போதும். அது தனியே நிற்காது; ஆறு கரி அணுவுக்கு ஒன்றாகக் காரீயத்தின் (கிரபைற்) அடுக்குகளுக்குள் ஒதுங்கும். ஆகவே 72 கிராம் காரீயமும் வேண்டும். இரும்பு பொஸ்பேற்றுக் கலத்தின் அழுத்தம் 3.2 வோல்ற்று. ஒரு அலகுக்கு 81 கிராம் இலிதியம், 840 கிராம் காரீயம் என்று வருகிறது. நடைமுறையில் காரீயம் சற்று மிகையாக, ஒரு கிலோ அளவில் போடுகிறார்கள். பேரில் இலிதியம் இருந்தாலும் நிறையில் பன்னிரண்டு மடங்கு காரீயம்தான்.

80 சதவீதம் வரை இறக்கலாம் என்றால் நமது ஒரு தொன்னுக்கு 7.9 அலகுப் பற்றரி. 2024 இல் உலகச் சராசரி விலை ஒரு அலகுக்கு 115 டொலர் என்று புளூம்பெர்க் ஆய்வகம் கணித்தது. மொத்தம் 908 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் 2,72,400 ரூபாய். 3,000 தடவை ஏற்றி இறக்கலாம் எனக் கொண்டால் ஒரு தொன்னுக்கு ஒரு தடவை 91 ரூபாய். கிலோவுக்கு 9 சதம்! வரி, கப்பல் கூலி, இன்வேர்ட்டர், தரகு எல்லாம் சேர்ந்து மூன்று மடங்கானாலும் 27 சதம். ஈயத்தில் 11 பற்றரிக்குள் 200 கிலோ உலோகம் இருக்கும். தொன் 2,000 டொலர் விலையில் உலோகம் மட்டுமே 400 டொலர். பாதி வரை இறக்கினால் 500 முதல் 1,000 தடவைதான் உழைக்கும். தடவைக்கு 120 முதல் 240 ரூபாய். பழைய பற்றரியை எடைக்கு விற்று அதில் ஒரு பங்கு மீளலாம். அப்படியும் மலிவானது என்று நம்பி வாங்கும் ஈயம், நாள் கணக்கில் மலிவாக நிற்பது கடினம்.

இனி நம்மவர் கவனிக்க வேண்டிய பக்கம். நரம்பாக ஓடும் காரீயத்தை வணிக அளவில் தோண்டுவது உலகில் இலங்கை மட்டுமே. கேகாலையில் போகல, குருநாகலில் கஹட்டகஹ. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 தொன்னைத் தாண்டியது. இன்று சில ஆயிரம் தொன். உலகம் முழுதும் 2023 இல் ஏறக்குறைய 16 இலட்சம் தொன். நமது 7.9 அலகுப் பற்றரிக்கு 8 கிலோ காரீயம். உருண்டையாகத் தீட்டும்போது பாதி தூளாகக் கழிந்தாலும் 16 கிலோ. தொன் 2,000 டொலர் என்று தாராளமாகப் போட்டால் 32 டொலர். 908 டொலரில் சுரங்க வாயிலுக்கு வருவது இவ்வளவுதான், 4 சதவீதத்துக்கும் குறைவு.

மிச்சம் எங்கே போகிறது? ஒரு பகுதி தூய்மைக்கு. 98 சதவீதக் காரீயம் ஒரு தொன்னில் 20 கிலோ அழுக்கு. பற்றரிக்கு 99.95 சதவீதம் வேண்டும். அரைக் கிலோ அழுக்குத்தான் அனுமதி. அந்த 19.5 கிலோவை எடுக்கும் ஆலைகளில் பெரும்பாலானவை சீனாவில். 2023 டிசம்பர் 1 முதல் சீனா சில வகைக் காரீயத்தின் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கியது.

அறிவு இல்லாமல் இல்லை. 1983 இல் கிரெனோபிளில் ரஷீத் யசாமியும் பிலிப் துசேனும் காரீயத்துக்குள் இலிதியம் போய்த் திரும்பும் என்று காட்டினார்கள். அதே துசேனுடன் பாலசூரியவும் பண்டாரநாயக்கவும் இலங்கைக் காரீயத்தை அரைத்தும் அமிலத்தில் கழுவியும் சோதித்து 2006 இல் கட்டுரை எழுதினார்கள். 1981 இல் நிறுவப்பட்டு, கண்டி ஹந்தானையில் இயங்கும் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் அதுல விஜயசிங்க, திசாநாயக்க குழுவினர் இந்த வேலையைத் தொடர்ந்தனர். அந்த நிறுவகம் தம்புள்ளையிலிருந்து ஏ9 வீதியில் எழுபது கிலோமீற்றர் சொச்சம். ஆய்வுக் கட்டுரைக்குச் சில கிராம் போதும். ஆலைக்குத் தொன் வேண்டும். தமிழ்நாட்டின் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 இல் அடிக்கல் நாட்டி எழுந்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் அளவில் இங்கே எவரும் பணம் இறக்கவில்லை என்பது என் குறை.

அவசரம் வேறு இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. தேவை குறைந்த நாளில் சூரிய மின்சாரம் மிஞ்சியிருந்ததும் வலையமைப்பைப் பலவீனமாக்கியது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைத் தகடுகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. ஒரு 5 கிலோவாட் கூரை நல்ல வெயிலில் நாளுக்கு 19 அலகு தரும். மூன்று தொன் தக்காளியின் குளிர் அது. இரவில் வரும் லொறிக்காக அதைச் சேமிக்க 23.7 அலகுப் பற்றரி வேண்டும்: 2,725 டொலர், அதற்குள் 24 கிலோ காரீயம்.